வெயில் இருக்கும்போதே இறங்குகிறவனின் திட்டம்

எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். கொல்லிமலைக்கு ஏறும்போது எதையோ நினைத்துக்கொண்டு ஏறக் கூடாது, இறங்கும்போது எதையோ விட்டுவிட்டு இறங்கக் கூடாது என்று. அந்த இரண்டு ‘எதையோ’வும் எனக்கு மறந்துபோய்விட்டன. மிளகு வாங்குவதற்காக மலைக்குப் போய் வந்துகொண்டிருந்த மனுஷர். காரணமில்லாமல் சொல்லியிருக்க மாட்டார். பேளுக்குறிச்சிச் சந்தையில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி சொன்னார் என்பது மட்டும் ஞாபகத்தில் இருக்கிறது. பிறகு சேலத்தில் தமிழும் இங்கிலீஷும் படித்தேன். இருபத்தோரு வருஷம் இலங்கைத் தோட்டத்து மருந்துச்சாலையில் மருந்து கலக்கினேன். நாற்பத்தேழு வயதில் ஊர் திரும்பி, சுகாதார இன்ஸ்பெக்டர் என்ற பெயரோடு அதே மலையின் அடிவாரத்தில் போய் நின்றேன். மறந்துபோன அந்த இரண்டு வார்த்தைகளை அப்போது எத்தனை தேடியிருப்பேன் என்று சொல்ல முடியாது.

சுகாதாரத் திட்டம் போடுகிற உத்தியோகத்தில் நோயைப் பார்ப்பதற்கு முன்னால் பயத்தைப் பார்த்தாக வேண்டும். அதிலும் முதலில் நம்முடையதை. கையில் காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்து, முன்பின் தெரியாத ஊரைத் திருத்திவிட்டு வா என்று யாராவது உங்களை அனுப்பியிருந்தால், நீங்களும் என் கட்சிதான். உங்களிடம் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

எனக்கு இட்ட வேலை இது. வாழவந்தி நாட்டில் எந்த ஊற்றுக்குக் கல் கட்டுவது, மருந்துக் கொட்டகையை எங்கே போடுவது, எந்த ஊருக்கு எப்போது அம்மைத் தடுப்புக்கு அம்மைப்பால் வைப்பது என்று ஒரு திட்டம் எழுதித் தர வேண்டும். மழை பிடிப்பதற்குள் தர வேண்டும். நாடு என்றால் ராஜ்யம் இல்லை. மலைமேல் பத்துப் பதினைந்து ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அதற்குப் பெரியவராகப் பட்டக்காரர் என்று ஒருவர். அவ்வளவுதான்.

குடை

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் காவிரிக்கரைப் பக்கத்துக்காரர். அவர் விட்டுப்போன ஃபைலோடு அவருடைய குடையையும் சேர்த்து என்னிடம் ஒப்படைத்தார்கள். ஃபைலில் திட்டம் பாதி இருந்தது. குடை முழுதாக இருந்தது. அவர்தான் இல்லை, மலைக்காய்ச்சலில் போய்விட்டார்.

அந்தக் காய்ச்சல் கொசுவால் வருகிறது என்று புத்தகத்தில் படித்தவன் நான். பெட்டியில் கொசுவலை இருந்தது, கொய்னா மாத்திரை இருந்தது. ஆனாலும் குடையின் காம்பைப் பிடித்தவுடன் உள்ளங்கை ஈரமாகிவிட்டது. தமிழில் பயந்து வளர்ந்தவனுக்கு இங்கிலீஷில் தைரியம் வருவதில்லை. என்னோடு வருவதற்கு மாரப்பன் என்று ஒரு பியூனைக் கொடுத்திருந்தார்கள். பேளுக்குறிச்சிக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தேறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

“அவரு தங்கமான மனுசருங்க. அந்தக் குடையை ஒருக்காக் கூட விரிச்சதில்லீங்க. மழைக்கு முன்னாடியே போயிட்டாரு.”

மாரப்பனின் தேள்

அதனால் நான் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். கருக்கலில் ஏறுவது, மேலே போய் வேலையைப் பார்ப்பது, வெயில் சாய்வதற்குள் இறங்கிவிடுவது. மலையில் ஒரு ராத்திரி கூடத் தங்குவதில்லை. மாரப்பனுக்கும் இதில் முழுச் சம்மதம். நான் எதையாவது எழுதிக்கொண்டு கொஞ்சம் தாமதித்தால், எதிரில் வந்து நின்று என் நிழலையே பார்ப்பார். நிழல் என் உயரத்துக்கு நீண்டதும் பெட்டியைத் தூக்கிக்கொள்வார்.

முதல் நாளே பட்டக்காரர் எங்களைச் சாப்பிடச் சொன்னார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. நான் குனிந்து உள்ளே நுழைந்தேன். பின்னால் வந்த மாரப்பனை மட்டும் ஒரு பெண் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். அவர் முன்கையில் பச்சை குத்திய தேள் ஒன்று இருந்தது. உடம்பில் குத்தி அடையாளம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்த மலையில் கட்டு. பச்சை குத்தியவர்கள் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. மாரப்பனுக்குப் பலாமரத்தடிக் கல்லில் இலை போட்டார்கள்.

நான் உள்ளே உட்கார்ந்து சாமைச்சோற்றைப் பிசைந்தேன். அப்போதுதான் உறைத்தது. என் சட்டைக் கைக்குள், தோளுக்குக் கீழே, சின்ன வயசில் அம்மைப்பால் வைத்த தழும்புகள் நான்கு இருக்கின்றன. அதுவும் குத்தி வைத்த அடையாளம்தானே? அன்று மலையில் நல்ல காற்று. சட்டைக் கையை இடக்கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன். வெளியே வந்தபோது மாரப்பன் ஏப்பம் விட்டபடி சொன்னார்:

“உள்ள இருந்தவங்களுக்குச் சோறுதானுங்க. எனக்குச் சோறும் காத்தும். நீங்களும் ஒரு தேளு குத்திக்குங்க.”

ஆமாங்க

ஒரு மாதம் ஏறி இறங்கி, ஊற்றுக்கான திட்டத்தை எழுதி முடித்தேன். ஊற்றைச் சுற்றிக் கல் கட்ட வேண்டும். மாடு ஒரு பக்கம், மனுஷர் ஒரு பக்கம். துணி துவைப்பது கீழ்மடையில். இதையெல்லாம் பட்டக்காரர் வாசலில் ஊரைக் கூட்டிப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் “ஆமாங்க” என்றார்கள். எதிர்க் கேள்வியே இல்லை. தோட்டத்தில் கூட இவ்வளவு பணிவை நான் பார்த்ததில்லை. படிக்கப் படிக்க எனக்குள் பயம் கூடிக்கொண்டே போயிற்று. மறுப்புச் சொல்லாத கூட்டத்துக்கு எதிரில் தனியாக நின்று பாருங்கள், தெரியும். நெற்றி வியர்த்து, கடைசிப் பக்கத்தை ஓடி முடித்தேன்.

அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் ஊற்று இருந்தபடியே இருந்தது. மாடுகள் நடுவில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தன. குடத்தோடு வந்த ஒரு பெண்ணிடம், எல்லாரும் ஒத்துக்கொண்டுதானே போனீர்கள் என்று கேட்டேன். செல்லாயி என்று பெயர். இடுப்பில் ஐந்தாறு வயதுப் பெண் குழந்தை. அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்த்து உண்மையாகவே இரக்கப்பட்டாள்.

“வெந்த கெழங்கு மாதிரி வேர்த்துப் போயி நின்னு படிச்சீங்க. பாவமா இருந்துச்சுங்க சாமி. அதான் ஆமாங்கன்னோம்.”

முள்

அடிவாரத்து ஊர் ஒன்றில் அம்மை போட்டிருக்கிறது என்ற செய்தி வந்தது. ஊற்றும் கொட்டகையும் பின்னால் போய்விட்டன. அம்மைப்பால்தான் முதல் வேலை என்று ஆகிவிட்டது. மேலே அநேகமாக யாருமே பால் வைத்துக்கொண்டவர்கள் இல்லை. அம்மை மலைப்பாதையைக் கண்டுபிடித்துவிட்டால் முதலில் போகிறவை குழந்தைகள். இதை நினைத்துக்கொண்டே, அவசர அவசரமாக ஒரு திட்டம் எழுதினேன். எல்லா ஊர்க்காரர்களும் ஒரே நாளில் பட்டக்காரர் ஊர்க் களத்தில் கூடுவது. வரிசையாகப் பால் வைப்பது. இரண்டு மணிக்குள் முடித்துவிடுவது.

ஏறிப் போனால் பாதையில்லை. ஊர் எல்லையில் இலந்தை முள்ளை வெட்டி ஆள் உயரத்துக்குக் குவித்திருந்தார்கள். கீழே அம்மை என்றால் அவர்கள் செய்வது இதுதான். வெளியாள் உள்ளே வர முடியாது, உள்ளாள் வெளியே போக முடியாது, ஊருக்கு ஊர் கூடப் போக்குவரத்து இல்லை. பட்டக்காரர் முள்ளுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். நான் இந்தப் பக்கத்திலிருந்து திட்டத்தைப் படித்தேன். அவர் ஆமாங்க என்று சொல்லவில்லை. அத்தனை பேரும் ஒரே இடத்துக்கு வந்தால், ஒருத்தன் கொண்டுவந்தது எல்லா ஊருக்கும் போகாதா என்று கேட்டார்.

இரண்டு பாஷையில் படித்தவன் எழுதிய திட்டம், அம்மையை வீடு வீடாகப் பங்கு போட்டுக் கொடுக்கிற திட்டமாக இருந்தது. ஊர் ஊராகப் போய் முள்ளோரத்தில் நின்று வைப்பதற்கு என்ன என்று அவர் கேட்டார். நாளாகும் என்றேன். ஆகட்டுமே என்றார். என் பின்னால் மாரப்பன் நிழலை அளந்துகொண்டிருந்தார். பட்டக்காரர் அவரையும் பார்த்தார், சூரியனையும் பார்த்தார்.

“உங்க காயிதத்துல எங்களுக்கு வர்ற நோவு சின்னதா இருக்குதுங்க. நீங்க எறங்கற நேரந்தான் பெருசா இருக்குது.”

உள்ளங்கால்

நாலு நாள் கழித்து, அம்மைப்பால் குழல்களை ஈரத்துணியில் சுற்றிச் சட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். முள்ளுக்கு அந்தப் பக்கம் ஊரே நின்றது. யாரும் முன்னால் வரவில்லை. பாலுக்குப் பயமில்லையாம்; தழும்புக்குத்தான் பயம். ஒரு தடவை வைத்துவிட்டால் ஆயுசுக்கும் இருக்குமே, பச்சை மாதிரி.

செல்லாயிதான் மகளைத் தூக்கிக்கொண்டு முள்ளோரத்துக்கு வந்தாள். போன அம்மையில் மூத்தவளைப் பறிகொடுத்தவள். இவள் பெயர் பொன்னாயி. தன் அண்ணன் மகனுக்கு இவளைக் கொடுப்பதாகப் பேச்சு இருக்கிறது. கையில் குத்திய அடையாளம் இருந்தால் அண்ணன் வீட்டில் வாசற்படி ஏற விடமாட்டார்கள். குழந்தையின் காலைத் திருப்பிக் காட்டி, உள்ளங்காலில் வைக்க முடியுமா என்று கேட்டாள். நடந்து நடந்து தேய்ந்துவிடும், யாருக்கும் தெரியாது என்றாள். காலில் வைத்தால் மண் பட்டுச் சீழ் பிடிக்கும், முடியாது என்றேன். அவள் குழந்தையின் பாதத்தைப் பிடித்தபடியே நின்றாள். அவளுக்குப் போகவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை.

நான் சட்டைக் கையைச் சுருட்டினேன். நான்கு தழும்பையும் காட்டினேன். இதோடுதான் உங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டேன், சொல்லாமல் சாப்பிட்டேன் என்றேன். மாரப்பன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஓடுவதற்குத் தோதாக வேட்டியை மடித்துக் கட்டினார்.

பட்டக்காரர் முள்ளின் இடுக்கில் கண்ணை வைத்து என் கையை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். அம்மைத் தாய் என்னைக் கேட்காமல் முகத்தில் வைத்துவிட்டுப் போனாள், இதோடு நாற்பது வருஷமாக எல்லார் வீட்டுக்குள்ளும் போய்வருகிறேன், பிள்ளை கையில் இருப்பதை மட்டும் எவன் பச்சை என்று சொல்வான் என்று ஊரைப் பார்த்துக் கேட்டார். செல்லாயி காலை விட்டுவிட்டு, குழந்தையின் கையை முள்ளிடுக்கு வழியாக நீட்டிப் பிடித்தாள். நான் ஊசியைத் திருகினேன். குழந்தை அழுதது. மற்றவர்கள் குழந்தையின் கை காய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். நான் பெட்டியை மூடினேன். பட்டக்காரர் அங்கிருந்தே கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“புள்ளை கை காயற வரைக்கும் நீங்க எறங்கக் கூடாதுங்க. பாலு இங்க இருக்கறப்ப, பாலு வெச்சவரும் இங்கதான் இருக்கோணும்.”

இரண்டு காய்ச்சல்

மாரப்பன் மட்டும் இறங்கினார். போகும்போது பெரியப்பா சொன்ன மாதிரியே எதையோ விட்டுவிட்டுப் போகிறவர் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்கு முள்ளுக்கு வெளியே, கேழ்வரகுக் காட்டுக் காவல் குடிசையைக் கொடுத்தார்கள். கொசுவலையைக் கட்டினேன். அதில் எங்கள் ஆபீஸ் எலி முன்னமே வழி பண்ணி வைத்திருந்தது. குடையை அந்த ஓட்டையில் செருகி அடைத்தேன். ராத்திரிகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

ஏழாம் நாள் பொன்னாயியின் கை வீங்கி, அக்குளில் நெறி கட்டி, உடம்பு சுட்டது. பால் பிடித்தால் அப்படித்தான் ஆகும். ஆயிரம் குழந்தைகளுக்குப் பார்த்தவன் நான். ஆனால் அந்த ஒரு குழந்தைக்கு மட்டும் அது பாலா, நிஜ அம்மையா, மலைக்காய்ச்சலா என்று என்னால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியவில்லை. செல்லாயி மகளைத் தூக்கிக்கொண்டு முள்ளோரத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஆம்பிளைகள் குந்தி உட்கார்ந்தார்கள். முழங்கால் மேல் கொடுவாள். காட்டு வேலையிலிருந்து நேரே வந்தவர்கள், வேறெங்கே வைப்பார்கள்? எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அந்தக் கொடுவாள்களை எண்ணினேன்.

மறுநாள் மத்தியானம் எனக்குக் குளிரெடுத்தது. முதலில் முதுகில், பிறகு பல்லில். எதற்காக ஒன்பது வாரம் வெயிலோடு இறங்கிக்கொண்டிருந்தேனோ, அது வந்துவிட்டது. கொய்னாவை விழுங்கிவிட்டு, கம்பளியைச் சுற்றிக்கொண்டு முள்ளோரத்துக்கே போய் விழுந்தேன். தனியாகச் சாகப் பயம். முள்ளுக்கு அந்தப் பக்கம் குழந்தை முனகியது, இந்தப் பக்கம் நான். இந்த ஊர் மேல் சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது தாயே என்று நான் உளறினேனாம். செல்லாயி முள்ளிடுக்கு வழியாக ஒரு சுரைக்குடுக்கையில் கஞ்சியைத் தள்ளிவிட்டாள்.

“உங்களுக்கு வந்தது எங்க காய்ச்சலு. எம் புள்ளைக்கு வந்தது உங்க காய்ச்சலு. ரெண்டும் எறங்கட்டுங்க, அப்புறம் சண்டை போட்டுக்கலாம்.”

கடைசி ஊர்

குழந்தைக்கு இறங்கிவிட்டது. பத்தாம் நாள் கை காய்ந்து பொருக்குத் தட்டியது. பட்டக்காரர் அவளைத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தார். அன்றே ஊர் முழுக்க முள்ளோரத்தில் கையை நீட்டியது. என் காய்ச்சல் ஒரு நாள் விட்டு ஒரு நாள், சொன்ன நேரம் தவறாமல் வந்தது. எழுந்து நடக்க முடிந்ததும் நான் செய்த முதல் காரியம் இறங்கியதுதான்.

அதன் பிறகு ஊர் ஊராகப் போனேன். ஆனால் பழைய கணக்கின்படி: கருக்கலில் ஏறி, வெயிலில் இறங்கி. ஒரு தடவை பட்டவனுக்குப் பயம் இரண்டு மடங்கு. திருப்புலி நாட்டுப் பக்கம் எல்லை ஓரமாக ஒரு ஊர் இருந்தது. அங்கே போனால் அன்றைக்கே திரும்ப முடியாது. அதனால் அதைப் பட்டியலில் கடைசியாகப் போட்டேன். ஒவ்வொரு வாரமும் கடைசியிலேயே வைத்தேன். ஏன் என்று கேட்பதற்கு ஆள் இல்லை. மாரப்பன் மட்டும் ஒரு நாள், அந்த ஊரில் யாரும் இல்லையா என்று கேட்டார். நான் வேறு பேச்சுப் பேசினேன்.

கடைசியில் போனோம். முள் புதிதாக வெட்டிப் போட்டதாக இருந்தது. அங்கே முள் வெளிப்பக்கமாக இல்லாமல் உட்பக்கமாகச் சாய்ந்திருந்தது. மற்ற ஊர்களுக்கு நோய் போகக் கூடாது என்று தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்ட முள். அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தர் வந்தார். தோளில் மண்வெட்டி, அதில் ஈர மண். சட்டிக்குள் பால் இருக்கிறது, இன்னும் அம்மை போடாதவர்களுக்கு வைத்துவிடலாம் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். கோபப்படவில்லை. மண்வெட்டியைக் கீழே ஊன்றி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, எங்களுக்கு விஷயத்தைப் புரியவைக்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்:

“உங்களுக்கு முன்னாடியே அது வந்துருச்சுங்க. அது பொழுதோட கீழ எறங்கறதில்லீங்களே.”

சுத்தப் பிரதி

மழைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மேலாபீஸுக்கு அனுப்பத் திட்டத்தைச் சுத்தப் பிரதி எடுத்தேன். ஒரே இடத்தில் கூடுவது என்ற பக்கத்தை எடுத்துவிட்டேன். முள் போடுவதை ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தேன். செல்லாயியிடம் கேட்டு ஊற்றுக்குக் கல் எங்கே கட்டுவது என்று எழுதினேன். மாரப்பன், மழை வந்தால் மலையேறப் போவதில்லையே, குடையைப் பரணில் தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், வெளியிலேயே இருக்கட்டும் என்றேன்.

‘இன்ஸ்பெக்டர் தங்கும் இடம்’ என்பதற்கு நேராகப் பேளுக்குறிச்சி என்று இருந்ததை அடித்துவிட்டு, அந்தக் கடைசி ஊரின் பெயரை எழுதினேன்.